காஞ்சொறி

வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடிச் சாலை வழியே, மேற்குமலையைப் பார்த்தவாறு நடப்பவர் வேலியோரக் கொடிகளில் கை வைக்குமுன் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். செந்தட்டி என்று எங்கள் பக்கத்தார் அஞ்சும் கொடி அங்கே கலந்திருக்கலாம். வைத்தியர் அதனைச் சிறுகாஞ்சொறி என்பர். அதன் மயிர்களின் நுனியில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகம் உண்டு. அது தைத்த மாத்திரத்தில் தோல் தடித்து எரியும்.

இக்கொடியை மேனாட்டார் அறிந்த வரலாறு சுவையானது. கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு, மலையாள நாட்டுத் தாவரங்களைப் படங்களுடன் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. அதில் இக்கொடிக்கு அவர் வழங்கிய பெயர் ‘சொறியணம்’. இலத்தீன் நூலுக்குள் நம் ‘சொறி’ புகுந்துகொண்டதைப் பாருங்கள்!

பெயரில் அச்சம் இருப்பினும், மலைக்கு அப்பால் இதனை உண்டார்கள்; இன்றும் உண்கிறார்கள். கர்க்கடகம், அதாவது நம் ஆடி, அங்கே அடைமழைக் காலம். முற்காலத்தில் நெல் அரிதான காலமுமாகும். அப்பொழுது வேலியிலும் தொடியிலும் கிடைத்த தகரை, சேம்பு, மூக்கிரட்டை முதலிய பத்திலைகளைக் கறி சமைத்தனர். ஊருக்கு ஊர் பட்டியல் மாறினும், கொடித்தூவை என்னும் பெயரோடு நம் காஞ்சொறி அதில் பெரும்பாலும் இடம் பெறும். உடல்நலத்துக்கென்று இன்று போற்றப்படும் இவ்வுணவு பஞ்சத்தின் பிள்ளை என்பதே என் கருத்து.

மலைக்கு இப்பால், நான் அறிந்தவரை, இதன் புகழ் அடுக்களையிலன்று, மருந்துக் கடையிலேதான். 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் தமிழ்நாடெங்கும் வழங்கிய கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளுள் ஒன்று சிறுகாஞ்சொறி வேர். குடித்தவருள் எத்தனை பேர் அதை அறிந்தனரோ!

ஒன்று கவனிக்கத்தக்கது. ஐரோப்பியர் சூப்பு வைக்கும் முட்செடி வேறு. நம் காஞ்சொறி ஆமணக்குக் குடும்பத்தது. எரிச்சல் ஒன்றானதால் உறவு ஒன்றாகிவிடாது. அதன் இரும்புச்சத்துக் கணக்கை இதன்மேல் ஏற்றிச் சொல்லுதல் முறையன்று. உண்ணும் முறையோ எளிது: துணி சுற்றிய கையால் கொழுந்தைப் பறித்து வெந்நீரில் இட்டால் மயிர்கள் துவண்டு அடங்கும், பின்பு நீரை வடித்து, தேங்காய்த் துருவலோடு துவட்டுவார்கள். இலையைச் சரியாக அறிந்த மூத்தோர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே பறிக்கப் புறப்படுங்கள்.