உயிர்மூச்சு – 17: சோளக்கொல்லையில் விழுந்த விமானம்

சென்ற வாரம் மயக்க மருத்துவர் ராபர்ட் மெக்கின்டாஷ் தொண்டைக்குள் பார்க்கச் செய்த வளைந்த அலகோடு 1943-இல் நின்றோம். நோயாளியின் தலைக்கடியில் தலையணை வைத்து, முகத்தைச் சற்றுப் பின்னே சாய்த்து, அந்த அலகால் நாக்கை ஏந்தினால் குரல்வளையின் வாசல் தெரியும். மூச்சுக்கான குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். கழுத்து முறிந்தவரிடம் அப்படித் தலையைச் சாய்க்கலாமா?

அந்தக் கேள்வி இப்போது நம்மை அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்கு அழைத்துப்போகிறது.

1976 பிப்ரவரி 17. இருட்டில் ஒரு சோளக்கொல்லை. எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் தானே ஓட்டிவந்த சிறு விமானம் நொறுங்கிக் கிடக்கிறது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார். நான்கு குழந்தைகளில் மூவருக்குப் பலத்த அடி. ஸ்டைனருக்கும் காயம். மணிக்கணக்கில் காத்தும் மீட்க யாரும் வரவில்லை. கடைசியில் சாலையில் போன காரை நிறுத்தி, அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோனார். அதன் கதவு பூட்டியிருந்தது.

கதவு திறந்த பிறகு நடந்ததை எப்போது படித்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். வந்த மருத்துவர் ஒரு குழந்தையைத் தோளிலும் முழங்காலிலும் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போனார். கழுத்துக்குத் தாங்கலே இல்லை. திரும்பி வந்து, மண்டையோட்டில் முறிவு இல்லை என்றார். கழுத்தை அவர் படம் எடுக்கவேயில்லை.

பார்த்துக்கொண்டிருந்த தகப்பனுக்கோ எலும்புதான் தொழில். கழுத்தில் ஏழே எலும்புகள். அவற்றின் நடுவே தண்டுவடம். உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு கிளம்புவதும் அங்கிருந்துதான். முறிந்த எலும்பு ஒன்று நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கினால் கைகால் மட்டுமா போகும்? மூச்சும் நின்றுபோகலாம்.

அந்த ஊர் மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அடிபட்டவரிடம் எதை முதலில் பார்ப்பது என்று அவருக்கு யாரும் முறையாகக் கற்றுத்தரவில்லை. ஸ்டைனரும் தனிமனிதரைத் துரத்தவில்லை. முறையையே மாற்றக் கிளம்பினார். லிங்கன் நகரத்து மருத்துவர்களும் செவிலியரும் கைகோத்தார்கள். 1978-இல் நெப்ராஸ்காவின் ஆபர்னில் முதல் பயிற்சி வகுப்பு. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதைத் தனதாக்கிக்கொண்டது. 'ஏ.டி.எல்.எஸ்.' என்று இன்று உலகமெங்கும் மருத்துவர்கள் படிப்பது அதைத்தான்.

எதை முதலில் பார்ப்பது என்று அந்த வகுப்பு அன்று கற்பித்த வரிசையில் முதல் எழுத்து 'ஏ', அதாவது 'ஏர்வே': மூச்சுப்பாதை. கழுத்தைக் காப்பதும் அதே எழுத்துக்குள் வந்தது. நினைவிழந்தவரின் நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைத்தால், தலையைச் சாய்க்காதே. தாடையை மட்டும் முன்னே தள்ளு. சொல்ல எளிது. ஆனால் குழாய் செலுத்தியே ஆகவேண்டும் என்றால்? வாயைத் திறந்து அலகை நுழைத்தால் கழுத்து அசையும். ஆகவே மூக்கு வழியாகக் குழாயை உள்ளே விடு என்றார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும் அந்தக் குழாய்க்கு வழிகாட்டுவது நோயாளியின் மூச்சொலி.

காதைக் குழாயருகே வைத்துக் கேட்கிறார் மருத்துவர். ஓசை தேய்கிறது. பிறகு அதுவும் இல்லை. நோயாளியின் உதடு நீலமாகிறது. கழுத்தில் முறிவு இருக்கிறதா என்று தெரியாது. எக்ஸ்ரே எடுக்க நேரமும் இல்லை. ஒரு கையருகே கத்தி, தொண்டையில் துளையிட. மறு கையருகே மெக்கின்டாஷின் அலகு.

அப்போது நோயாளியின் தலைமாட்டில் இன்னொருவர் வந்து மண்டியிடுகிறார். அவர் கையில் கருவி ஏதும் இல்லை...

(அடுத்த வாரம்)