சுனிதி சொலமன்

சுனிதி சொலமன், இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1986இல் முதன்முதலாக வெளிக்கொணர்ந்த ஆய்வை வழிநடத்திய நுண்ணுயிரியல் பேராசிரியர். சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பமொன்றில் எட்டுப் பிள்ளைகளுள் ஒரே பெண்ணாகப் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, இதய சத்திரசிகிச்சை நிபுணரான விக்டர் சொலமனை மணந்தார். வெளிநாடுகளில் பயிற்சி பெற்று 1973இல் ஊர் திரும்பி, தாம் படித்த கல்லூரியிலேயே கற்பித்தார்.

எயிட்ஸ் மேலைநாட்டவரின் நோய், கட்டுக்கோப்பான குடும்ப வாழ்வுள்ள நாட்டுக்குள் அது வராது என்ற எண்ணம் 1980களில் இந்தியாவில் வேரூன்றியிருந்தது. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைத் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவின் பட்ட ஆய்வுக்குரிய பொருளாகச் சுனிதி கொடுத்தார். 200 குருதி மாதிரிகள் சேர்ப்பது இலக்கு. பாலியல் தொழிலில் ஈடுபட்டதற்காகத் தடுத்துவைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து மட்டும் மூன்று மாதங்களில் 80 மாதிரிகளை நிர்மலா எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகள் அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. எதற்காகக் குருதி எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்றைய ஆய்வு நெறி இதை ஒருபோதும் ஏற்காது. அக்காலத்தில் அதைக் கேட்பாரில்லை.

எச்.ஐ.வி.யைக் கண்டறியும் வசதி அப்போது சென்னையில் இல்லை. 1986 பெப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியுடன் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார்கள். அங்கு வைரசு ஆய்வாளர் ஜேக்கப் ஜோனின் பிரிவில் நடந்த பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அந்த ஆறு பேரிடம் மீண்டும் குருதி எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மறுபரிசோதனை செய்யப்பட்டபோதும் முடிவு மாறவில்லை. மே மாதத்தில் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடு அதிர்ந்தது, முடிவை நம்ப மறுத்தவர்களும் இருந்தார்கள்.

தொற்றைக் கண்டுபிடித்ததுடன் வேலை முடிந்துவிடவில்லை. தாமாக முன்வருவோருக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் வழங்கும் நிலையத்தைக் கல்லூரியில் சுனிதி தொடக்கினார். 1993இல் தந்தையின் பெயரில் ஒய்.ஆர். கைதொண்டே எயிட்ஸ் ஆய்வு, கல்வி மையத்தைச் சென்னையில் நிறுவினார். எவரும் தொட அஞ்சிய நோயாளர்கள் அங்கு மனிதராக நடத்தப்பட்டார்கள். தொற்றுள்ளோர் தமக்குள் மணம் செய்துகொள்ளவும் அவரே துணை தேடிக் கொடுத்தார்.

அம்மையத்தின் ஆய்வுகளில் மிகவும் கனமானது, சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றியது. அவர்களுள் பெரும்பாலானோர் கணவரைத் தவிர வேறெவருடனும் உறவு கொள்ளாதவர்கள். அதாவது, இந்தப் பெண்களுக்கு ஆபத்து திருமணத்தின் வழியாகவே வந்திருந்தது. நடத்தையைப் பார்த்துச் சிலரை மட்டும் சோதித்தால் போதும் என்ற கணக்கு இங்கு பிழைத்துப்போகிறது. இலங்கை கைக்கொண்ட வழியை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். சாவகச்சேரியானாலும் கொழும்பானாலும், தாய்சேய் நலக் கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை வழங்கப்படுகிறது. எவரும் சந்தேகத்தின் பேரில் தெரிந்தெடுக்கப்படுவதில்லை. தாயிலிருந்து பிள்ளைக்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது.

இருவருள் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையரை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வில் சென்னை மையமும் பங்கேற்றது. தொற்றுள்ளவருக்கு மருந்தை முன்கூட்டியே தொடங்கினால், அவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைவதாக 2011இல் தெரியவந்தது. மருந்து நோயாளியைக் காப்பதோடு தொற்றையும் தடுக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

சுனிதி சொலமன் 2015 யூலை 28 அன்று கணையப் புற்றுநோயால் காலமானார். மறைவுக்குப் பின், 2017இல், அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. குருதிப் பெட்டியைச் சுமந்து சென்ற நிர்மலா 1987இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, கிண்டி கிங் நிறுவனத்தில் தடுப்பூசி உற்பத்திப் பணியில் சேர்ந்து, 2010இல் ஓய்வுபெற்றார். செய்த வேலைக்கு ஈடான கவனம் அவருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.