குடை கொடுத்த கப்பல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குலசேகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அத்தான் ஒரு கப்பல் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார். வெளியே மழை. ரப்பர் மரங்களுக்கு ஓய்வு. மனிதர்களின் வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

அத்தானின் மகன் சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறான். அவன் புண்ணியத்தில் அத்தானும் அக்காவும் இரண்டாவது முறையாக ஓர் உல்லாசக் கப்பலில் நாலு நாள் கடலைச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். முதல் தடவை போனபோது ராஜ உபசாரமாம். தலையணை மேல் சாக்லேட், கேட்ட போதெல்லாம் காப்பி, குளிக்கும் துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டில் மேல் நிறுத்தி வைப்பார்களாம். இந்தத் தடவை கட்டணம் ஒன்றரை மடங்கு, சாக்லேட் இல்லை, காப்பிக்குத் தனிக் காசு, துண்டு வெறும் துண்டாகவே கிடந்தது.

"இனி அந்தக் கப்பல்ல நான் கால் சவிட்டமாட்டேன், பாத்துக்கோ" என்றார் அத்தான்.

"வந்த நாள் முதலா இதே பாட்டுதான்" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, சிரிக்க முடியாத ஒரு பழைய நினைவும் வந்தது. அந்த நினைவில் ஒரு கப்பலும், ஒரு குடையும், என் பாட்டாவிடம் நான் பேசிய ஒரு பேச்சும் இருக்கின்றன.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளை பாடம் நடந்துகொண்டிருந்தது. கப்பலோட்டிய தமிழரின் கம்பெனியை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டது, அதோடு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது, ஜனங்கள் குடைக்கு ஆசைப்பட்டு அதில் ஏறிவிட்டார்கள் என்று வாத்தியார் சொன்னார். அந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி; சுருக்கமாக பி.ஐ. என்பார்கள் என்றும் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பாட்டா இளம் வயதில் மலேயாவுக்குப் பால் வெட்டப் போனவர். குலசேகரத்துக்காரனுக்கு ரப்பர் மரம் தெரியும். அந்தக் கைத்தொழிலை நம்பிக் கடல் கடந்தவர்களில் அவரும் ஒருவர். நாகப்பட்டினத்தில் ஏறியது 'ரஜுலா' கப்பலில். திரும்பியதும் அதே கப்பலில்தான். "நம்ம ரஜுலா" என்றுதான் சொல்வார், வீட்டுப் பசுவைச் சொல்வதுபோல. அவருடைய தகரப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் அந்தக் கப்பலின் படம் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த கம்பெனியின் பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். பி.ஐ.!

சாயங்காலம் ஓடிவந்து, "நீங்க ஏன் பாட்டா வெள்ளைக்காரன் கப்பல்ல போனிய? அது சிதம்பரம் பிள்ளையைக் கெடுத்த கம்பெனில்லா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. குற்றம் சாட்டினேன் என்பதே உண்மை.

பாட்டா வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தார். "வேற கப்பல் இருந்துதா மக்ளே?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என் பாடப் புத்தகத்தில் விடை இல்லை. பிற்காலத்தில் கதை எழுதிப் பிழைக்கிறவனாகி, நாலு புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், குடை வாங்கிய பிரயாணியைப் பற்றி நாம் கொஞ்சம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தது.

சங்கதி இதுதான். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் மாதம் 16ஆம் தேதி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் எட்டாயிரம் பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆனால் கம்பெனிக்கு ஆபீஸ் இருந்ததே தவிர, கப்பல் இல்லை. பம்பாய்க்காரர்களிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி அந்த இடத்தில் நெருக்கவே, வாடகைக் கப்பல் வாபஸாயிற்று. பிறகு கொழும்பிலிருந்து ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். "கப்பலோடு வருகிறேன்; இல்லையேல் கடலில் விழுந்து சாகிறேன்" என்ற பொருளில் சொல்லிவிட்டு வ.உ.சி. பம்பாய் போனதும், 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த கதை. ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அதோடு நாலாயிரம் மூட்டை சரக்கு ஏற்றலாம் என்பார்கள்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மேல் வகுப்பு இரண்டும் சேர்ந்து 66 பேர். கீழே 1,300 பேர். ஆகவே கப்பல் ஓடுவதும் நிற்பதும் டெக்கில் பாய் விரிக்கிறவன் கையில் இருந்தது.

கப்பல் நடத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. பஸ்ஸில் கூட்டம் இல்லை என்றால் ஒரு டிரிப்பை ரத்து செய்துவிடலாம். கப்பலில் ஆயிரம் பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் நிலக்கரி ஏறக்குறைய ஒன்றுதான். மாலுமி சம்பளம் ஒன்றுதான். துறைமுகக் கட்டணமும் ஒன்றுதான். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடல் ஆழமில்லை. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் படகில் கொண்டுபோய் ஏற்றவேண்டும். அதற்கும் காசு. கல்கத்தாவிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் சம்பாதிக்கிற பி.ஐ. கம்பெனி, தூத்துக்குடி-கொழும்பு என்ற ஒரு துண்டுக் கடலில் எவ்வளவு வேண்டுமானாலும் நஷ்டப்படலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததே அந்தத் துண்டுக் கடல்தான்.

பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி எட்டணாவாக்கியது. அதற்கு மேல்தான் இலவசமும் குடையும் என்று கதை போகிறது.

இந்தக் குடையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னொரு இலவசம் நினைவுக்கு வரும். 1844இல் பி அண்டு ஓ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி, தாக்கரே என்ற ஆங்கில நாவலாசிரியருக்கு மத்தியதரைக் கடலைச் சுற்றிவர இலவச டிக்கெட் கொடுத்தது. அவரும் போய்வந்து, கெய்ரோ வரை போன கதையை ஒரு புத்தகமாக எழுதி, கம்பெனியின் பெயரைப் பிரபலப்படுத்தினார். உல்லாசக் கப்பல் யாத்திரையின் ஆரம்ப காலத்தைச் சொல்கிறவர்கள் இன்றும் அவரை விடாமல் சொல்கிறார்கள். எழுத்தாளன் ஓசியில் போனால் இலக்கியம்; கூலிக்காரன் ஓசியில் போனால் துரோகம்! என் ஜாதிக்காரர் என்பதால் தாக்கரேயை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்கு யாராவது டிக்கெட் கொடுத்தால் நானும் போவேன்.

சரி, டெக்கில் போன அந்த 1,300 பேர் யார்? சிலோனில் கடை வைத்திருந்த வியாபாரிகள், அவர்களுடைய கடைப் பையன்கள், உறவு முறை பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோர் தாமே டிக்கெட் வாங்கிப் போனவர்கள் அல்ல. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'தகரச் சீட்டு' என்று ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. தோட்டத்தின் எண் அடித்த ஒரு தகர வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். வழிச்செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆளைத் திரட்டிக்கொண்டு வந்த கங்காணியின் கடன் தனியாக அவன் தலையில் ஏறும். எந்தக் கப்பல் என்று கழுத்தில் தகரம் கட்டியவனை யார் கேட்டிருப்பார்கள்? தோட்டமோ வெள்ளைக்காரருடையது. சுதேசிக் கப்பலில் போகிறேன் என்று அவன் பிடிவாதம் பிடித்திருந்தால், கங்காணி அவனை எந்தக் கப்பலிலும் ஏற்றியிருக்க மாட்டான்.

ஆகவே, தேசாபிமானத்தைக் காட்டவோ கைவிடவோ சுதந்தரம் உள்ளவர்கள் முதல் கூட்டத்தார்தான். அவர்கள் அப்படி ஒன்றும் சட்டென்று கைவிட்டுவிடவில்லை. இலவசம் என்ற பேச்சு ஒரு பக்கம் இருக்க, 1907இலும் 1908 தொடக்கத்திலும் சுதேசிக் கப்பலுக்கு ஆளும் சரக்கும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அதனால்தான் எதிரிக்கு ஆத்திரம். சுங்கத்திலும் துறைமுகத்திலும் வைத்தியப் பரிசோதனையிலும் தங்கள் பிரயாணிகளுக்கு மட்டும் தனித் தொந்தரவு என்று சுதேசிக் கம்பெனியார் முறையிட்டார்கள். அதையும் சகித்துக்கொண்டு ஒருவன் அந்தக் கப்பலில் ஏறினான் என்றால், அவனை ஒரு குடைக்கு விலைபோகிறவன் என்று எப்படிச் சொல்வது?

பிறகு என்னதான் நடந்தது? 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம், வ.உ.சி. தொழிலாளர் பக்கம் நின்று ஜெயித்தார். மார்ச் 12ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. அதன் பிறகு ஊர்க்காரர்கள் செலவிலேயே ஊரில் தண்டனைப் போலீஸ் வந்து உட்கார்ந்தது. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கம்பெனியை நடத்தத் தெரிந்தவர் சிறையில். வரவு குறைந்தது, நிலக்கரிக் கணக்கு குறையவில்லை.

இங்கேதான் என் பாட்டா சொன்ன இன்னொரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறேன். ரஜுலாவிடம் அப்படி என்ன கண்டீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டதற்கு, "அது சொன்ன நாள்ல வரும் மக்ளே" என்றார். அவ்வளவுதான். சோறு நன்றாக இருந்தது என்றோ, கட்டணம் மலிவு என்றோ சொல்லவில்லை. கடலோரத்தில் பெட்டியும் மூட்டையும் பிள்ளைகுட்டியுமாக வந்து நிற்கிறவனுக்குக் கப்பல் வராமல் போனால் தின்பதற்குக் காசு இருக்காது. கட்டணம் இரண்டணா ஏறினால் கடன் வாங்கிக் கொடுப்பான். சாதத்தில் கறி குறைந்தால் முணுமுணுத்துக்கொண்டே தின்பான். நாளைக்குக் கப்பல் உண்டா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிட்டால், எவ்வளவு அபிமானம் இருந்தாலும் வேறு துறைக்குப் போய்விடுவான். வழக்கும் சிறையும் பணமுடையுமாக இருந்த சுதேசிக் கம்பெனியால் கொடுக்க முடியாமல் போனது அந்த ஒன்றைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பங்குதாரர்களில் பலருக்குச் சர்க்காரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது, ஜமீன் இருந்தது, வியாபாரம் இருந்தது. இழப்பதற்குச் சொத்து உள்ளவன் பயந்ததில் ஆச்சரியமில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 'காலியா' கப்பல் பி.ஐ. கம்பெனிக்கே விற்கப்பட்டது! குடை வாங்கியவன் எடுத்த முடிவல்ல அது. 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையாகி வெளியே வந்தபோது, வழக்கறிஞர் சன்னதும் இல்லை, கப்பலும் இல்லை.

பி.ஐ. கம்பெனி 1914இல், தாக்கரேக்கு டிக்கெட் கொடுத்த அதே பி அண்டு ஓவுடன் சேர்ந்துகொண்டது. ரஜுலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்குமாக உழைத்து, 1973இல் கைமாறி, மறு வருஷம் உடைக்கப்பட்டது. பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. ஆகாய விமானம் வந்துவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூன் மாதம் மறுபடி ஒரு பிரயாணிக் கப்பல் விட்டார்கள். சுதேசிக் கம்பெனி கலைந்து சரியாக நூறு வருஷம். நவம்பரில் நின்றுவிட்டது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. முதல் நாள் சலுகைக் கட்டணம் 2,800 ரூபாய். ஐம்பது பேர் ஏறினார்கள். நிஜக் கட்டணம் 7,670 ரூபாய். சில நாட்களில் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலைக் கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். குடை கொடுத்ததாகத் தகவல் இல்லை.

இதையெல்லாம் அத்தானிடம் சுருக்கமாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். சிதம்பரம் பிள்ளை கப்பல் விற்ற இடத்தில், "அட பாவியளா" என்றார். மழை விட்டிருந்தது. அக்கா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். இதற்குத் தனிக் காசு இல்லை என்று சொல்லித்தான் வைத்தாள்.

கிளம்பும்போது அத்தான் செல்போனை எடுத்து எதையோ என்னிடம் காட்டினார். இரண்டு யாத்திரைக்கும் சேர்த்துக் கம்பெனி அவர் கணக்கில் புள்ளிகள் வைத்திருக்கிறதாம். அடுத்த வருஷம் டிசம்பருக்குள் போகாவிட்டால் அத்தனையும் காலாவதி.

"டிக்கெட் போட்டாச்சு" என்றார், அக்காவுக்குக் கேட்காத குரலில்.