ஒரு ‘இஃப்’ தப்பானால் 23 லட்சம் பேர் மாயம்: சித்தூர் டேட்டா சொல்லும் பாடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவர்கள் 41.74 லட்சம் பேர். அதே கணக்கை 2022-ல் வந்த புது எல்லைக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 18.7 லட்சம்தான். யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. மாறியது எல்லைக்கோடு.

என்ன நடந்தது?

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆகின. திருப்பதி தனி மாவட்டமானது. மதனப்பள்ளி, பீலேர் பகுதிகள் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயின. நெல்லூரில் இருந்த கூடூர், சூளூர்பேட்டை திருப்பதியோடு சேர்ந்தன. ஸ்ரீஹரிகோட்டாவும் அதில் அடக்கம்.

கோடு எங்கே சறுக்கும்?

பழைய எல்லைப்படி பதிவான சித்தூர், நெல்லூர் வரிகளை மட்டும் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இப்படி எழுதுவோம்:

மாவட்டம் = சித்தூர் அல்லது மாவட்டம் = நெல்லூர் மற்றும் தேதி < 2022-04-04

பார்க்க சரியாத்தான் இருக்கு. ஆனால் பைதான், ஜாவா, எஸ்க்யூஎல் எதிலும் ‘அண்ட்’ முதலில், ‘ஆர்’ பிறகு. அதனால் தேதி நிபந்தனை நெல்லூரை மட்டுமே கட்டுப்படுத்தும். சித்தூரின் 2023 பதிவுகளும் உள்ளே வந்துவிடும். எரர் எதுவும் வராது, சார்ட்டும் அழகாக வரும். ஆபத்தே அதுதான்.

எப்படித் தெளிவாக எழுதுவது?

1. அடைப்புக்குறி போடுங்கள்: (மாவட்டம் = சித்தூர் அல்லது மாவட்டம் = நெல்லூர்) மற்றும் தேதி < 2022-04-04. கணினிக்கு மட்டுமல்ல, நாளை படிக்கப்போகும் சக ஊழியருக்கும் இது உதவும்.

2. நிபந்தனைக்குப் பெயர் வையுங்கள். ‘பழைய_எல்லை = தேதி < 2022-04-04’ என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டால், மற்ற இடங்களில் பெயர் போதும். தேதியைத் திருத்தவும் ஒரே இடம்தான்.

3. இரட்டை மறுப்பு வேண்டாம். ‘புதிய எல்லை இல்லாதது இல்லை என்றால்’ என்பதைவிட ‘புதிய எல்லை என்றால்’ போதுமே!

4. ‘எல்ஸ்’ குப்பைத்தொட்டி அல்ல. பழைய சித்தூர் ஊர்களைப் பிரிக்கும்போது ‘சித்தூர் இல்லையென்றால் திருப்பதி’ என்று எழுதினால் மதனப்பள்ளியும் திருப்பதிக்குப் போய்விடும். ஒவ்வொரு மாவட்டத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எதிலும் சேராதது வந்தால் எரர் காட்டச் சொல்லுங்கள்.

5. விளிம்பைச் சோதியுங்கள். ஏப்ரல் 3, 4, 5 என மூன்று தேதிகளைக் கொடுத்துப் பாருங்கள். ‘<’ என்பது ‘<=’ ஆகிவிட்டால் 4-ம் தேதிப் பதிவுகள் பழைய எல்லைக்குள் போய்விடும்.

முடித்ததும் நிபந்தனையைத் தமிழில் வாய்விட்டுப் படியுங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லையா? அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.