மாரடைப்பும் மாரடிப்பும்

மாரடைப்பு என்ற சொல்லில் இருக்கும் 'மார்', ஆணுக்கு வெறும் மார்பு. பெண்ணுக்கோ அது நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும்படி வளர்க்கப்பட்ட சொல். விருத்தாசலம், நல்லூர் பக்கத்துப் பெண்கள் 'மாருல வலிக்குது' என்று சொல்லி நான் கேட்டது அரிது. 'வாயு புடிச்சிருக்கு', 'ஒரே அசதியா இருக்கு', 'முதுகுல குத்துது' என்பார்கள். ஓமத் தண்ணீரோ சோடாவோ குடித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவார்கள். பீங்கான் பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவர் என்றால் மறுநாளும் வேலைக்குப் போவார். போகாவிட்டால் கூலி இல்லை. புருஷனுக்கு நெஞ்சு வலித்தால் வீடே வண்டி தேடும். அவன் செத்தால் மாரடித்து அழுவது அவள் வேலை. மாரடைப்பு அவனுக்கு, மாரடிப்பு அவளுக்கு என்று மொழியே பங்கு பிரித்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது.

இந்தப் பாகப்பிரிவினை நம்மூரில் மட்டும் நடந்ததல்ல. நடந்தால் நெஞ்சை இறுக்கி, நின்றால் விட்டுவிடும் வலியை 1768இல் லண்டன் மருத்துவர்களுக்கு விவரித்துப் பெயர் வைத்தவர் வில்லியம் ஹெபர்டன். அவர் இறந்தபின் 1802இல் வெளியான நூலில், தான் பார்த்த இத்தகைய நோயாளிகள் ஏறக்குறைய நூறு பேர் என்கிறார். அதில் பெண்கள் மூன்றே பேர். மற்ற பெண்களுக்கு அந்த வலி வரவில்லையா, வந்தும் மருத்துவரிடம் போகவில்லையா என்று கேட்க அந்தக் கணக்கில் இடமில்லை. நோயின் முகம் ஐம்பதை எட்டிய ஆணின் முகமாகப் பதிந்துவிட்டது.

1964இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பெண்களுக்கென்றே இதய நோய் மாநாடு ஒன்று கூட்டினார்கள். தலைப்பு 'இதயங்களும் கணவர்களும்'. கணவரின் இதயத்தை எப்படிக் காப்பது என்று மனைவிகளுக்குப் பாடம்! பிறகு வந்த பெரிய ஆய்வு ஒன்றில் 12,866 பேர், ஆஸ்பிரின் ஆய்வில் 22,071 மருத்துவர்கள். இரண்டிலும் ஒரு பெண்கூட இல்லை. 1948இல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் ஆய்வு பெண்களையும் சேர்த்துக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். 1991இல் பெர்னடீன் ஹீலி என்ற இதய மருத்துவர் இதைப் பகிரங்கமாக எழுதினார்: ஆணைப்போல நோயைக் காட்டினால்தான் பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பெண்களின் இதயத்தை வேறு கண்ணால் பார்த்தவர் எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்து, 1953இல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர். 1959இல் அவர் சக மருத்துவரோடு வெளியிட்ட ஆய்வு, நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும் நோயைப் பற்றியது. மேற்கில் அது பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டெல்லியிலோ பீடி சிகரெட் தொடாத பெண்களும் அதே நோயோடு வந்தார்கள். காரணம் அடுப்புப் புகையாக இருக்கவேண்டும் என்றார்: காற்றோட்டமில்லாத அறையில் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்த ஆண்டுகள். இது மாரடைப்பு அல்ல, வேறு நோய். ஆனால் நோயாளியின் சமையலறைவரை போய்க் காரணம் தேடிய அந்தப் பார்வைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2020இல் 103 வயதில், கொரோனாவால் இறந்தார்.

பாடநூல்கள் பெண்களின் அறிகுறிகளை 'வழக்கத்துக்கு மாறானவை' என்று எழுதிவந்தன. யாருடைய வழக்கம்? பெண்களுக்கும் நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ வருவதுதான் அதிகம். அதோடு தாடை, கழுத்து, முதுகு, கை, மேல்வயிறு என்று வலி பரவலாம், மூச்சு வாங்கலாம், குமட்டலாம், குளிர்ந்து வியர்க்கலாம், காரணமில்லாமல் உடம்பு ஓய்ந்துபோகலாம். சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமலும் போகும். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 55 வயதுக்குட்பட்டு மாரடைப்பு வந்தவர்களைப் பற்றியது. முன்னதாகவே மருத்துவரிடம் போயிருந்தவர்களில், 'இது இதயம் சம்பந்தப்பட்டதல்ல' என்று மருத்துவர் நினைத்ததாகச் சொன்ன ஆண்கள் 37 விழுக்காடு, பெண்கள் 53 விழுக்காடு. ஆக, வலியைச் சொன்னபிறகும் கேட்க ஆள் வேண்டியிருக்கிறது.

ரத்தக் குழாய் அடைபட்ட நிமிடத்திலிருந்து இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். 'பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும்' என்று அது காத்திருக்காது. 2023 முதல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு அங்கேயே முதல் தவணையாக 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 108க்குப் பேசும்போதும், செவிலியரிடம் பேசும்போதும் 'வாயு' என்று நாமே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, வியர்த்ததா என்பதைச் சொல்லி இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். முதல் இசிஜி சரியாக இருந்தும் வலி விடவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.