ஒரு கார்டுக்கு ஒரு பை

பொங்கல் மாதிரி சிக்கனமான பண்டிகை கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீபாவளி என்றால் பட்டாசு, பலகாரம், ஆளுக்கொரு புதுத்துணி என்று பர்ஸ் கிழிந்துவிடும். பொங்கலுக்கு என்ன வேண்டும்? புதுப்பானை ஒன்று. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், பால். வாசலில் சாத்தி வைக்க ரெண்டு கரும்பு, பானைக் கழுத்தில் கட்ட ஒரு மஞ்சள் கொத்து. முந்திரி, ஏலக்காய் தவிர எல்லாமே வயலிலும் தொழுவத்திலும் கிடைப்பவை. மார்கழிப் பனி விலகுகிற நேரத்தில், அறுப்பு முடிந்து வீட்டில் நெல் இருக்கிற நேரத்தில், அழகாகத்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

பி.காம். படித்தவன் புத்தி சும்மா இருக்காது. இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை தெரிகிறது. வயல் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

வயல் இல்லாதவருக்கு அதே பொங்கல், முழுக்கக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பண்டிகை. அந்தக் காலத்தில் பண்ணையாட்களுக்கு மாட்டுப்பொங்கல் அன்று ஒரு வேட்டி, கொஞ்சம் நெல் என்று பண்ணையார் கொடுப்பது வழக்கம். வாங்குகிறவர் கைகட்டி நின்று வாங்க வேண்டும் என்பது அந்த நெல்லோடு சேர்ந்த நிபந்தனை. கூலி ரூபாயாக மாறியதும் அந்த நெல் போனது. நிபந்தனை சில ஊர்களில் இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது.

இன்னொன்று. பானையில் பொங்குவது மலிவு. அதைச் சாப்பிட வருகிறவர்கள்தான் செலவு! பெரும்பொங்கலுக்கு மகள் வீட்டுக்குச் சீர் அனுப்ப வேண்டும். மாட்டுப்பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்தால் கறி எடுக்காமல் முடியாது. காணும் பொங்கலுக்கு அக்கா, தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று வீடே நிரம்பும். நாலு பேர் இருக்கிற வீட்டில் பன்னிரண்டு பேர் மூன்று நாள் சாப்பிட வேண்டும். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏழை வீட்டு விருந்துக்கு யார் யார் பணம் போட்டார்கள்? இந்த வாரம் பார்க்கப் போவது அந்த வரலாற்றைத்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஆரம்பிப்போம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். மேற்கே கல்வராயன் மலை. மலையிலிருந்து கோமுகி ஆறு இறங்கி வருகிறது. கரும்புச் சீமை இது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று ரெண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். பொங்கலுக்குத் தேவையான அத்தனையும் இங்கேயே விளைகிறது. ஆனால் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்தில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். கரும்பு அவர்கள் கண்ணில் படும். கையில் வாங்கக் காசு வேண்டும்.

மலையில் கதை வேறு. கல்வராயன் மலை வெகுகாலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1976-ல்தான் ஜாகீர் முறை முடிந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதுவரை ஜாகீர்தார் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டிய கட்டாயம் மலையாளி பழங்குடிகளுக்கு இருந்தது. சாப்பாடு என்றால் சாமை, தினை, கேழ்வரகு. நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு மட்டும். மலைக்கு மட்டுமல்ல, புன்செய்த் தமிழ்நாடு முழுக்கவே அப்படித்தான். 'விருந்து' என்ற சொல்லுக்கு அந்த வீடுகளில் அர்த்தமே அரிசிதான்.

அந்த அரிசி எல்லா வீட்டுக்கும் வந்த கதை, ஒரு யுத்தத்தில் தொடங்குகிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போனது. பர்மா அரிசி நின்றது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அதே ஆண்டு சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது. அதுவரை கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கிய அரிசியை, கையில் அட்டையோடு வரிசையில் நின்று அளந்து வாங்கும் பழக்கம் அப்போது பிறந்ததுதான்.

ரேஷன் என்றால் இல்லாமையைப் பங்கு போடுவது. அதில் பண்டிகைக்கு இடம் உண்டா? உண்டு என்று முதலில் ஒப்புக்கொண்டவர்களில் வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர், லண்டன் மேல் ஜெர்மன் குண்டு விழுந்துகொண்டிருந்த குளிர்காலம். வாரத்துக்கு ஆளுக்கு 8 அவுன்ஸ் சர்க்கரை, 2 அவுன்ஸ் டீத்தூள் என்று அளந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு, கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மட்டும் சர்க்கரையை 12 அவுன்ஸாக உயர்த்தியது, டீத்தூளை இரட்டிப்பாக்கியது. அதே ஆண்டில்தான் கேக் மேல் சர்க்கரைப் பூச்சு போடுவதற்குத் தடையும் வந்தது. கல்யாணத்துக்கு அட்டையில் செய்த போலி கேக்கை வாடகைக்கு எடுத்து வைத்துவிட்டு, அதற்குள்ளே சின்னதாக நிஜ கேக்கை ஒளித்து வைத்தார்கள். வந்தவர்களுக்கு முன்னால் வீட்டின் மானம் போகக்கூடாது, அவ்வளவுதான். நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இங்கே 1952-ல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை எடுத்தார். அறுபதுகளின் நடுவில் பஞ்சம் மறுபடி எட்டிப் பார்த்தது. வாரத்தில் ஒருவேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசியது. ஒரு படியாவது நிச்சயம் என்றது. ஜெயித்ததும் சென்னையிலும் கோவையிலும் அந்த ஒரு படியைப் போட்டுப் பார்த்தார் அண்ணா. கஜானா தாங்கவில்லை. ஆனால், அரிசி விலை என்பது ஓட்டு என்ற பாடத்தை அதற்கப்புறம் வந்த ஒரு கட்சியும் மறக்கவில்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 முதல் இலவசம்.

விருந்து அரிசி அன்றாட அரிசி ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. கல்வராயன் மலைக்காரர்கள் வேறு வழியில்லாமல் தின்ற சாமை இப்போது சென்னையில் ஆர்கானிக் கடைக்கு வந்துவிட்டது. அரிசியைவிட அதிக விலை. மாப்பிள்ளை வந்தால் சாமைப் பொங்கல்!

அரிசி சரி. பண்டிகை? ரேஷன் கடையில் பண்டிகைக்குக் கூடுதல் சர்க்கரை போடுவது ரொம்ப காலமாக நடந்த விஷயம். அதற்காக நின்ற கியூ பல பேருக்கு ஞாபகம் இருக்கும். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவச வேட்டி, சேலை திட்டம் வந்தது. கைத்தறி நெசவாளிக்கு வேலை, ஏழைக்குப் பொங்கல் துணி, ஒரே கல்லில் ரெண்டு. 2009 பொங்கலுக்குக் கருணாநிதி அரசு ஒரு பையே போட்டது. பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, கொஞ்சம் முந்திரி, திராட்சை, ஏலக்காய். கவனியுங்கள், ஒரு பானை சர்க்கரைப் பொங்கலுக்கான சாமான் மொத்தமும் அதில் இருக்கிறது. பண்ணையார் வீட்டு வாசல் இருந்த இடத்துக்கு ரேஷன் கடை வந்தது. இங்கே கைகட்டி நிற்க வேண்டாம், வரிசையில் நின்றால் போதும். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். எனக்கென்னவோ இந்த மொத்தக் கதையிலேயே பெரிய மாற்றம் இதுதான் என்று படுகிறது.

அப்புறம் பை வருஷத்துக்கு ஒரு வேஷம் போட்டது. 2014-ல் அரிசி, சர்க்கரையோடு 100 ரூபாய். 2019-ல் 1,000. தேர்தல் வருஷமான 2021-ல் 2,500. 2022-ல் ரொக்கம் இல்லை, 21 பொருட்கள். அதில் வந்த வெல்லம் உருகி ஒழுகுகிறது என்று ஊரெல்லாம் புகார். 2023-ல் வெல்லம் போய் சர்க்கரை வந்தது. அந்த வருஷம் முதலில் கரும்பு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அரசை நம்பிச் செங்கரும்பு போட்ட விவசாயிகள் கொதித்துப் போக, கடைசி நேரத்தில் முழுக்கரும்பைச் சேர்த்தார்கள். ஆலைக் கரும்பு வேறு, பொங்கல் கரும்பு வேறு. பொங்கல் போனால் செங்கரும்பை யாரும் சீண்ட மாட்டார்கள்.

சர்க்காரின் பை பானைக்கு ஆச்சு. பன்னிரண்டு பேருக்கு? அதற்கு வீட்டுப் பெண்கள் வைத்திருந்த வழி, பண்டிகைச் சீட்டு. வாரம் 50 ரூபாய் கட்டினால் 52 வாரத்தில் 2,600. பண்டிகைக்கு முன்னால் சீட்டு பிடிப்பவர் மளிகையாகவோ, பாத்திரமாகவோ, துணியாகவோ கொடுப்பார். வட்டி என்று பார்த்தால் சுத்த நஷ்டம். ஆனால் பணம் வீட்டில் இருந்தால் தங்காது. தங்காது என்றால் எங்கே போகும் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சீட்டு என்பது சேமிப்பு மட்டுமல்ல, ஒளித்துவைப்பதும்கூட.

இதே சமாச்சாரம் விக்டோரியா காலத்து லண்டனிலும் இருந்தது. பெயர் 'கூஸ் கிளப்'. கூலித் தொழிலாளிகள் வாரம் சில பென்னி கட்டி வருவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்து கிடைக்கும். வீட்டில் அடுப்பு வசதி இல்லாததால் வாத்தை ரொட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் வாட்டி வாங்கி வருவார்கள். 1892-ல் வந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில்கூட இந்த கிளப் வருகிறது. இதில் கூத்து என்னவென்றால், கிளப்பை நடத்தியவர்களில் பெரும்பாலோர் சாராயக் கடைக்காரர்கள். வாரா வாரம் தவணை கட்ட மதுக்கடைக்குப் போக வேண்டும். கட்டிவிட்டு ஒரு கிளாஸ் அடிக்காமல் வருவாரா மனுஷன்? சில கிளப்புகளில் வாத்தோடு ஒரு ஜின் பாட்டிலும் சேர்த்தே கொடுத்தார்கள். சீட்டுப் பணம் முழுகுவதும் நமக்கு மட்டுமே உரியதில்லை. 2006-ல் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் ஒன்று திவாலானபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பண்டிகைப் பணம் போனது.

விருந்துக்குப் பணம் போட்டவர்களைப் பார்த்தோம். எடுத்தவர் யார் என்பதை அந்த ஜின் பாட்டில் சொல்லிவிட்டது.

1937 அக்டோபர் 1. ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடிக்குப் போகிற காசு குடும்பத்துக்குச் சோறாகவும் துணியாகவும் திரும்பும் என்பது வாதம். கல்வராயன் மலைக்கு மேற்கே சேலம். கிழக்கே கள்ளக்குறிச்சி, அன்றைக்குத் தென்னாற்காடு. ஆக, மலைக்கு அந்தப் பக்கம் கடை இல்லை, இந்தப் பக்கம் உண்டு. சாராய வருமானம் போன பள்ளத்தை எதை வைத்து அடைப்பது? 1939-ல் ராஜாஜி கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி, நாட்டிலேயே முதன்முதலாக. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003-ல் அரசாங்கமே டாஸ்மாக் கடையில் பாட்டில் விற்க உட்கார்ந்தது. விற்பனை வரி மட்டும் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. இல்லாத சாராயத்துக்குப் பதிலாக வந்த வரி, சாராயம் திரும்பி வந்த பிறகும் சாமானியனின் மளிகைச் சீட்டில் இருந்தது. கணக்குப் படித்தவன் என்ற முறையில் இதைவிட சாமர்த்தியமான ஒரு பேரேட்டை நான் பார்த்ததில்லை.

திருவள்ளுவர் தினம் என்பதால் மாட்டுப்பொங்கல் அன்று டாஸ்மாக்குக்கு விடுமுறை. அதனால் முந்தின நாளே கூட்டம் முண்டியடிக்கும். பொங்கல் முடிந்ததும் பத்திரிகைகளில் 'விற்பனை இத்தனை கோடி' என்று செய்தி வரும். ஒரு கையால் பை, இன்னொரு கையால் பாட்டில்.

குவார்ட்டருக்கும் காசு பத்தாதவர்கள் எங்கே போவார்கள்? கல்வராயன் மலையில் போலீஸ் சோதனைக்குப் போகும்போதெல்லாம் சாராய ஊறலோடு வெல்ல மூட்டைகளும் சிக்கும். பானையில் போடுகிற அதே வெல்லம்தான். ஆனால் 2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்தது வெல்லச் சாராயத்தால் அல்ல. பாக்கெட் சாராயத்தில் இருந்தது மெத்தனால், தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற விஷம். கருணாபுரத்திலும் பக்கத்துப் பகுதிகளிலும் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். தாய், தகப்பன் ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. மலைக்கு ரோடு உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்ற கேள்விகள் அப்போதுதான் சென்னையில் காதில் விழுந்தன.

ஏழு மாதம் கழித்து 2025 பொங்கல் வந்தது. அந்த வருஷம் பையில் ரொக்கம் கிடையாது. ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு. தமிழ்நாடு முழுக்க எல்லா அரிசி கார்டுக்கும் போலவே கருணாபுரத்து கார்டுக்கும் அதே அளவுதான். மாதா மாதம் போடுகிற அரிசியில் தலைக்கணக்கு உண்டு. செத்தவர் பெயரை கார்டிலிருந்து எடுத்தால் அந்த அளவு குறையலாம். பொங்கல் பைக்குத் தலைக்கணக்கு கிடையாது. கார்டில் ஐந்து பேர் இருந்தாலும் சரி, மூன்று பேர் ஆகிவிட்டாலும் சரி, அதே ஒரு கிலோ, அதே ஒரு கரும்பு.