நுரையும் கிள்ளான் வேலைநிறுத்தமும்

"டீச்சர், மாமா பீர் டின்னைத் திறந்ததும் நுரை பொங்கியதே, ஏன்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். அதட்டி உட்கார வைக்க மனமில்லை, விளக்கினேன்.

டின்னுக்குள் அழுத்தத்தால் கரைந்திருக்கும் கரியமிலவாயு, திறந்ததும் குமிழிகளாக வெளியேறுகிறது. பார்லியின் புரதம் அக்குமிழிகளைப் போர்த்திக் காப்பதால் நுரை நிலைக்கிறது. அப்புரதம் இல்லாத சோடாவில் நுரை உடனே அடங்கிவிடும்.

நம் தோட்டத்து முன்னோர் அறிந்தது கள்ளின் நுரை. தென்னம்பாளைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மதுவாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றுவதால் எழுவது அது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபடும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதானார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். அவர்களது கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டுமன்றி, கள்ளுக்கடைகளை மூடுவதும் பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளிப்பதும் இருந்தன.

பெற்றோரே, பிள்ளைகள் நுரையைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். அறிவியலைச் சொல்லுங்கள், கள்ளுக்கடைக்குப் பதில் பள்ளிக்கூடம் கேட்ட அம்மனிதர்களைப் பற்றியும் சேர்த்தே சொல்லுங்கள்.